குஞ்சுக்குக் கீழே என்ன போடுவது? கடற்காற்று அடிக்கும் மாடியில் கற்றது

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடிக்கு ஏறினால் கடற்காற்று முகத்தில் அடிக்கும். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது. விடியற்காலையில் துணி காயப்போடும் கம்பியைத் தொட்டால் விரல் நனையும். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்தால் சாயங்காலத்துக்குள் நமுத்துப்போகும். இந்தக் காற்றில்தான் சில வருடங்களாகச் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளைப் புரூடரில், அதாவது பல்பு சூட்டில் குஞ்சு வளர்க்கும் பெட்டியில், வைத்து வளர்த்து வருகிறேன். பல்பு எத்தனை வாட், தீவனம் எந்தத் தீவனம் என்று எல்லோரும் கேட்பார்கள், எல்லோரும் சொல்வார்கள். காலுக்குக் கீழே போடுவதைப் பற்றி மட்டும் பேச்சே வராது. "ஏதாவது தூள போடுக்கா, அது என்னா இப்ப" என்று முடித்துவிடுவார்கள். குஞ்சு தேறுவதும் தேறாததும் பெரும்பகுதி அந்தத் தூளில்தான் இருக்கிறது என்பது என் அழுத்தமான எண்ணம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கோழிக்குக் கீழே பரப்பும் இந்தத் தூளைக் கோழி வளர்ப்புப் பாடங்களில் கூளம் என்பார்கள். அதைப் பற்றிச் சொல்லும்போது, ஈரத்தை நன்றாக உறிஞ்சும் பொருளாகப் பார்த்துப் போடச் சொல்வார்கள். நாமக்கல், பல்லடம் மாதிரி உள்நாட்டு ஊர்களுக்கு அது சரியான யோசனை. அங்கே காற்றே வறண்ட காற்று. கூளம் பகலில் உறிஞ்சிய ஈரத்தைக் காற்று வாங்கிக்கொண்டு போய்விடும். இங்கே காற்றே ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. கோடையில் கடற்காற்று எழும்புவதற்கு முன்னால் கிடைக்கும் முற்பகல் வெயில்தான் நமக்கு உலர்ந்த நேரம், மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. ஆகவே வட சென்னையில் கூளம் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அது எவ்வளவு உறிஞ்சும் என்பதை இல்லை. உறிஞ்சியதை எவ்வளவு சீக்கிரம் விட்டுக் காய்கிறது என்பதைத்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகவே விளங்கும்.

ஈரத்துக்கு ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரத்தில் குஞ்சு இருக்கும் மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். பல்பு மேலேயிருந்து சூடு கொடுக்கிறது, சரி. ஆனால் குஞ்சு நாள் முழுக்க வயிற்றைத் தரையில் வைத்துத்தான் படுக்கிறது. அந்தத் தரை ஈரமாக இருந்தால், ஈரம் ஆவியாகும்போது வயிற்றுச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். மேலே வெதுவெதுப்பு, கீழே சில்லிப்பு. தெர்மாமீட்டர் சரியாகக் காட்டினாலும் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடைவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது அம்மோனியா. கோழி எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். காய்ந்து கிடக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. ஈரமும் சூடும் சேர்ந்தால் பாக்டீரியாக்கள் அதை உடைத்து அம்மோனியாவாக மாற்றிவிடும். காற்றில் அது 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) அளவைத் தாண்டினால் குஞ்சின் கண்ணும் மூச்சுக்குழாயும் கெடத் தொடங்கும். நாம் நின்றபடி மூக்கை உறிஞ்சிப் பார்ப்பது கணக்கில் சேராது. முழங்கால் போட்டு, முகத்தைப் பெட்டிக்குள் குஞ்சின் உயரத்துக்கு இறக்கி, ஒரு நிமிஷம் மூச்சை இழுத்து விட்டுப் பாருங்கள். கண்ணில் லேசாகக் கரித்தாலும் அது குஞ்சுகள் இரவு முழுக்க வாங்கும் காற்று.

மூன்றாவது, ரத்தக் கழிச்சல். காக்சிடியா என்னும் ஒட்டுண்ணி இதற்குக் காரணம். எச்சத்தோடு வெளியே வரும் அதன் முட்டை உடனே தொற்றாது. ஈரம், மிதமான சூடு, காற்று இந்த மூன்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். புரூடரில் சூட்டைக் குறைக்க முடியாது, குஞ்சுக்கு வேண்டும். காற்றை அடைக்க முடியாது, அதுவும் குஞ்சுக்கு வேண்டும். நம் கையில் மிஞ்சுவது ஈரம் ஒன்றுதான். மூன்று வாரக் குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு ஒதுங்கி நின்று, எச்சத்தில் ரத்தம் தெரிந்தால், மருத்துவரிடம் கேட்டு ஆம்ப்ரோலியம் தண்ணீரில் கலந்து கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். கூளத்தையும் அன்றைக்கே மாற்றுங்கள். பழைய கூளத்தில் நிறுத்தியே மருந்து கொடுத்தால் அவை திரும்பத் திரும்ப அதையேதான் கொத்தும்.

இனி ஒவ்வொரு பொருளாக வருகிறேன். முதலில் நியூஸ்பேப்பர், ஏனென்றால் எல்லா வீட்டிலும் அதுதான் முதலில் கைக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூடையில் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் போட்ட குஞ்சுகளைத் தெருவில் விற்றுக்கொண்டு வருவார்கள். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு வேண்டாத சேவல் குஞ்சுகள் அவை. பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கி, அட்டைப் பெட்டியில் பேப்பரை விரித்து விட்டுவிடுவார்கள். எதிர்வீட்டுப் பையன் ஒருநாள் பெட்டியோடு மேலே வந்தான். "அத்தை, இது எழுந்துக்கவே மாட்டேங்குது, பாரேன்" என்றான். குஞ்சுக்கு நோய் எதுவும் இல்லை. வழவழப்பான பேப்பரில் பிடிமானம் கிடைக்காமல் இரண்டு காலும் இரண்டு பக்கமாக விரிந்துவிட்டன. பொரித்த முதல் சில நாட்களில் எலும்பும் தசையும் இன்னும் உறுதிப்படாத நேரம், அப்போது வழுக்கினால் கால் அப்படியே நின்றுவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஒட்டும் துணி பிளாஸ்திரியைச் சிறு பட்டையாக வெட்டி, இரண்டு கால்களும் இயல்பாக நிற்கும் இடைவெளியில் இருக்குமாறு மெதுவாகச் சேர்த்து ஒட்டினோம். கால்களை நெருக்கிக் கட்டக் கூடாது, நடக்க இடம் வேண்டும். சொரசொரப்பான விரிப்பில் விட்டோம். சில நாளில் பிளாஸ்திரியை எடுத்ததும் நடந்தது. சீக்கிரம் கவனித்ததால் சரியானது. ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. பேப்பர் விரித்தே ஆக வேண்டுமென்றால் நன்றாகக் கசக்கி விரித்து, அதன்மேல் வேறு ஏதாவது போடுங்கள். வெறும் பேப்பர் மட்டும் வேண்டாம்.

முதல் நான்கைந்து நாட்களுக்குக் கூளத்தை நேரடியாகக் குஞ்சின் கண்ணில் காட்டாமல் மூடி வைப்பது நல்லது. பொரித்த குஞ்சுக்குத் தீவனம் எது, தூள் எது என்று தெரியாது. கொத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். வயிற்றில் மிஞ்சியிருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளுக்கு அதைத் தாங்கும். அதற்குள் தீவனத்தைக் கண்டுகொள்ள வேண்டும். அந்த நேரத்தில் உமியையும் மரத்தூளையும் விழுங்கி வயிற்றை நிரப்பிக்கொண்டால் தீவனத்துக்கு இடம் இருக்காது, சிலவற்றுக்கு இரைப்பையே அடைத்துக்கொள்ளும். நான் கூளத்தின்மேல் சமையலறை டிஷ்யூ ரோலை விரித்து, அதன்மேல் தீவனத்தைத் தூவிவிடுவேன். அழுக்கானால் மேல் தாளை மட்டும் எடுத்துவிட்டு வேறு போடலாம். அலமாரித் தட்டுகளில் போடுகிற ரப்பர் வலை விரிப்பும் நல்ல பிடிமானம் கொடுக்கும், கழுவிக் காயவைத்து மறுபடி போடலாம். பழைய டவல் வேண்டாம், அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டிக்கொள்ளும். கோணிச் சாக்கிலும் பிரிந்த நார் காலில் சுற்றும், அதையும் தவிர்த்துவிடுகிறேன்.

சரி, உமிக்கு வருவோம். என் வீட்டுப் புரூடரில் அடிப்படை உமிதான். செங்குன்றம் பக்கம் அரிசி ஆலைகள் இருப்பது வட சென்னைக்காரர்களுக்குக் கிடைத்த வசதி. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமியாகத்தான் போகிறது. அதனால் ஆலைக்கு ஆலை மலைபோல் குவிந்திருக்கும். ஆலைக் கொதிகலனுக்கும் செங்கல் சூளைக்கும் எரிக்க அதுவே போவதால் சும்மா கொடுக்க மாட்டார்கள், ஆனால் ஒரு மூட்டை கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதும் இல்லை.

உமியை நான் ஏன் விரும்புகிறேன் என்றால், அது அதிகம் உறிஞ்சாது. கேட்க முரணாக இருக்கும். உமியின் மேற்பரப்பில் சிலிக்கா நிறைய இருப்பதால் தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காது. ஒவ்வொரு உமியும் குழிவாக வளைந்திருப்பதால் எவ்வளவு அழுத்திப் போட்டாலும் இடையில் காற்றுக்கு வழி இருக்கும். கையால் ஒரு முறை கிளறிவிட்டால் போதும், அரை நாள் வெயிலில் சலசலவென்று காய்ந்துவிடும். இங்கே நமக்கு வேண்டியது இந்தக் குணம்தான். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. உறிஞ்சாத தண்ணீர் இடைவெளி வழியாகக் கீழே இறங்கி அடித்தரையில் தேங்கும். மேலே பார்த்தால் காய்ந்த உமி, அடியில் நசநசவென்று இருக்கும். அதனால் உமி போட்டவர்கள் தினமும் அடிவரை கைவிட்டுப் புரட்ட வேண்டும். அதைச் செய்ய நேரமில்லாதவர்களுக்கு உமி ஒத்துவராது.

வாங்கும்போது நான் கவனிப்பவை: குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பார்ப்பேன். உள்ளே சூடாக இருந்தால் அது நனைந்து புழுங்கிய உமி, தொடவே வேண்டாம். ஒரு பிடி எடுத்து மோந்தால் வைக்கோல் மாதிரி மணக்க வேண்டும், மக்கல் வாடை வரக் கூடாது. ஒருமுறை ஆலையில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர், நான் குவியலின் ஓரத்தில் அள்ளுவதைப் பார்த்துவிட்டு, "கோழிக்காமா? அந்த மூலைல இருக்கறது மழைல நனைஞ்சது. குஞ்சு தாங்காது. தோ, இப்ப விழுவுது பாரு, அத புடி" என்று தானே சாக்கைப் பிடித்து நிரப்பிக் கொடுத்தார். எரித்த உமிச்சாம்பல் கருப்பாகக் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது நுண்ணிய தூசி, குஞ்சின் மூச்சுக்கு ஆகாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முறத்தில் போட்டுப் புடைப்பது என் வழக்கம். ஆலை உமியில் குருணையும் தவிடும் கொஞ்சம் இருக்கும். குருணை இருக்கும் இடத்துக்கு எறும்பு வரும், பெருச்சாளியும் வரும். சிவப்பு எறும்பு ராத்திரியில் ஏறினால் ஒரு வாரக் குஞ்சால் தப்பிக்க முடியாது. அதனால் புடைப்பதை வேலைப்பளுவில் தள்ளிப்போடாதீர்கள். புரூடரை மேசைமேல் வைத்திருந்தால் மேசைக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவதையும் கூடவே செய்யுங்கள். புடைத்த உமியை ஒரு நல்ல வெயில் நாளில் தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்து, ஆறியபிறகு மூடியுள்ள டிரம்மில் கொட்டி வைக்கலாம். சூடாகவே மூடினால் உள்ளே வியர்க்கும். சாக்கோடு சுவரில் சாய்த்து வைத்தால் சுவரின் ஈரம் அதில் ஏறிவிடும்.

அடுத்து மரம். இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரம்பத்தில் அறுக்கும்போது விழுவது தூள், இழைக்கும்போது விழுவது சுருள் சீவல். புரூடருக்குத் தூள் வேண்டாம். மாவு மாதிரி இருப்பதால் கண்ணிலும் மூக்கிலும் போகும், குஞ்சு விழுங்கும், நனைந்தால் அடையாகக் கெட்டிப்படும். சீவல் அப்படி இல்லை. மெத்தென்று இருக்கும், பிடிமானம் கொடுக்கும், எச்சத்தின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சுருளாக இருப்பதால் உள்ளே காற்றும் போகும்.

கேள்வி எந்த மரம் என்பதுதான். வால்டாக்ஸ் ரோடு பக்கம் மரக்கடையும் பிளைவுட் கடையும் நிறைய. தச்சுப் பட்டறைகளில் மூட்டையாகக் கட்டிக் கொடுப்பதில் பாதி பிளைவுட்டும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையும் அறுத்த தூளாக இருக்கும். அவற்றை ஒட்டுவதற்கு ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பிசின் போடுகிறார்கள். சூடான பல்புக்கு அடியில், மூடிய பெட்டிக்குள், அதைக் குஞ்சுகள் சுவாசிக்க வைப்பது எனக்குச் சம்மதமில்லை. ஒரு பட்டறையில் 'சுத்தமான மரத்தூள்' என்று கொடுத்த மூட்டையை வீட்டில் பிரித்துப் பார்த்தால் மைக்கா துணுக்குகள் மின்னின. அதை அப்படியே கட்டி ஓரம் வைத்துவிட்டேன். அதிலிருந்து நான் மூட்டையாக வாங்குவதில்லை. பட்டறைக்குப் போய், எந்தப் பலகையை இழைக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்து, அந்த இழைப்பு முடிந்ததும் அள்ளிக்கொண்டு வருவேன். மா, வேம்பு மாதிரி வாசனைப் பிசினோ பாலிஷோ படாத மரம் என்றால் தயங்க மாட்டேன். சந்தனம், தேவதாரு மாதிரி எண்ணெய் வாசம் தூக்கலாக வரும் மரங்களின் சீவல் வேண்டாம். நமக்கு மணமாக இருப்பது குஞ்சின் நுரையீரலுக்கு எரிச்சல்.

துறைமுகம் இருக்கும் ஊர் என்பதால் நமக்கு இன்னொரு மரமும் கிடைக்கிறது. கப்பலில் சரக்கு வரும் பெட்டிகளையும் அடித்தட்டுகளையும் பிரித்துப் பைன் பலகையாக விற்பார்கள். வட சென்னைத் தச்சர்கள் கட்டில் முதல் நாற்காலி வரை இதில் செய்வதுண்டு. பைன் சீவல் குஞ்சுக்கு நல்ல கூளம்தான், உலகம் முழுக்கப் போடுகிறார்கள். ஆனால் பலகையில் சூடு போட்ட முத்திரையைப் பார்க்க வேண்டும். நாடு விட்டு நாடு போகும் பொதிமரத்தில் பூச்சி போகாமல் இருக்கச் சர்வதேச விதி ஒன்று உண்டு. கோதுமைக் கதிர் மாதிரி ஒரு சின்னமும் அதன் பக்கத்தில் எழுத்துகளும் இருக்கும். எச்.டி. என்று இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது. மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூட்டில் தொடர்ந்து 30 நிமிடம் வைத்திருப்பார்கள், ரசாயனம் கிடையாது. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அந்தச் சீவலை நான் எடுக்க மாட்டேன். முத்திரையே இல்லாத பலகையும், எண்ணெயோ சாயமோ சிந்திய கறையுள்ள பலகையும் அப்படித்தான், அதில் என்ன சரக்கு வந்தது என்று நமக்குத் தெரியாது. எனக்கு வழக்கமாகக் கொடுக்கும் தச்சர் இதைப் புரிந்துகொண்டு, "அக்கா, எச்.டி. போட்டது தனியா இழைச்சி வச்சிருக்கேன், வாங்கினு போ" என்று போன் செய்கிறார். இப்படி ஒரு ஆளைப் பிடித்து வைப்பது எந்தக் கடையையும்விட மேல்.

நான் போடும் கலவை இதுதான்: உமி இரண்டு பங்கு, சீவல் ஒரு பங்கு, மொத்தம் இரண்டு அங்குல உயரம். எச்சத்தின் ஈரத்தைச் சீவல் பிடித்து வைக்கிறது, உமி அதற்குக் காற்று கொடுத்துக் காயவைக்கிறது. வெறும் உமி அடியில் தேங்கும், வெறும் சீவல் மழை நாளில் காயாது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுகிறது. பெட்டியைத் தளத்தில் நேராக வைக்காமல் நான்கு செங்கல்லின்மேல் தூக்கி வைக்கிறேன், சிமெண்டுத் தளத்தின் ஈரமும் குளிர்ச்சியும் ஏறாமல் இருக்கும்.

தேங்காய் நார்க்கழிவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், மாடித் தோட்டத்துக்கு வாங்கியது வீட்டில் கிடப்பதால். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடிக்கும் பொருள் அது. செடிக்கு அதனால்தான் நல்லது, நம் ஊர்க் குஞ்சுக்கு அதனால்தான் ஒத்துவராது. கொளத்தூரில் என் தங்கை ஐப்பசியில் அதைப் போட்டு வளர்த்தாள். முதல் வாரம் காய்ந்த தூசியாகப் பறந்தது. அடுத்த வாரம் கருப்பாக நமுத்து, குஞ்சுகளின் விரல் நுனியில் எச்சத்தோடு சேர்ந்து உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து எடுத்தால் நகமே வந்துவிடும், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத்தான் கரைக்க வேண்டும். நானும் அவளும் உட்கார்ந்து ஒவ்வொரு குஞ்சாக அதைச் செய்தோம். உள்மாவட்டத்தில் இருப்பவர்கள் தாராளமாகப் போடலாம். இங்கே வேண்டாம்.

மணல் என்றால் இங்கே எல்லோருக்கும் கடற்கரைதான் நினைவுக்கு வரும். அந்த மணலில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், குஞ்சு கொத்தித் தின்றால் உடம்புக்கும் கெடுதல், சின்னக் குஞ்சுகள் உப்பை அவ்வளவாகத் தாங்காது. வேண்டவே வேண்டாம்.

வைக்கோலை நறுக்கிப் போடுவதும் கிராமத்தில் வழக்கம். காய்ந்த ஊரில் சரி. இங்கே வைக்கோலின் உள்குழாயில் ஈரம் தங்கிச் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த கூளத்தால் வருவதற்குப் 'புரூடர் நிமோனியா' என்றே பெயர் உண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் விதைத்தூள் நுரையீரலில் போய் உட்காரும். குஞ்சு கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வந்தபிறகு மருந்து பெரிதாக உதவாது. வராமல் பார்ப்பதுதான் வழி. சாம்பல் பூத்த மாதிரி எதைப் பார்த்தாலும், உமியோ சீவலோ, அந்த டிரம்மையே தள்ளுங்கள். மேலாக இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் போடும் சிக்கனம் வேண்டாம். அடுத்தடுத்துக் குஞ்சுகள் சாகிறது என்றால் தாமதிக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது, கோழிக்குஞ்சுதானே என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

எந்தக் கூளம் போட்டாலும் அதைக் கெடுப்பதில் முதலிடம் தண்ணீர்க் குவளைக்குத்தான். எச்சத்தைவிட இதில் சிந்தும் தண்ணீர்தான் அதிகம். குஞ்சின் முதுகு உயரத்துக்குக் குவளையின் விளிம்பு இருக்க வேண்டும். வளர வளரக் கீழே ஓட்டுச் சில்லோ பலகையோ வைத்து உயர்த்திக்கொண்டே போக வேண்டும். நான் ஒரு பழைய தட்டத்தின்மேல் சதுரக் கம்பிவலையை வைத்து, அதன்மேல் குவளையை வைக்கிறேன். சிந்தும் தண்ணீர் வலை வழியாகத் தட்டில் விழும், காலையும் மாலையும் தட்டைக் கொட்டிவிட்டால் முடிந்தது. இதைச் செய்த நாளிலிருந்து கூளம் மாற்றும் வேலை பாதியாகக் குறைந்தது. வலையின் கண் பெரிதாக இருந்தால் குஞ்சின் கால் மாட்டும், அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

கூளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சியில் கற்றுக்கொண்ட முறையைத்தான் இன்றும் செய்கிறேன். குவளைக்குப் பக்கத்தில் ஒரு பிடி, பல்புக்கு அடியில் ஒரு பிடி, மூலையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாகச் சேர்ந்து உடனே உதிர்ந்தால் சரியான பதம். சேரவே சேராமல் தூசி பறந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது, மே மாதத்தில் அப்படி ஆகும். நான்கில் ஒரு பங்குக்கு உள்ளே ஈரம் இருப்பதுதான் கணக்கு. உருண்டை பிடிக்கும் இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புதிதாகப் போட்டால் போதும், முழுப் பெட்டியையும் தினமும் மாற்ற வேண்டியதில்லை. பெரிய கோழிகளுக்குத் தரையில் கனமாகப் போடும் ஆழ்கூளத்தில் சுண்ணாம்பு தூவுவதைப் பார்த்துவிட்டுக் குஞ்சுப் பெட்டியிலும் சிலர் தூவுகிறார்கள். இளங்காலும் கண்ணும் வெந்துபோகும், செய்யாதீர்கள்.

காய்ந்த உமியும் சீவலும் தீப்பிடிக்கும் பொருள்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பல்பை அதன் ஒயரிலேயே தொங்கவிடாதீர்கள், தனியாகச் சங்கிலி போட்டு இரண்டு இடத்தில் கட்டுங்கள். கூளத்திலிருந்து ஒன்றரை அடியாவது மேலே இருக்கட்டும், சுற்றிலும் கம்பிக்கூடு இருக்கட்டும். உமி கொழுந்துவிட்டு எரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே போகும், புகை தெரியும்போது நேரம் கடந்திருக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் பகலில் பல்பே தேவைப்படாது. குஞ்சுகள் பரவலாகத் திரிந்தால் சூடு சரி, பல்புக்கு அடியில் நெருக்கினால் குறைவு, ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் அதிகம்.

மழைக்காலம்தான் நமக்குப் பெரிய பரீட்சை. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மாடியில் எதுவும் காயாது. அதனால் புரட்டாசி வெயில் இருக்கும்போதே உமியையும் சீவலையும் காயவைத்து, அந்த மூன்று மாதத்துக்கு வேண்டியதை டிரம்மில் நிரப்பிவிடுவேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றபோது செங்குன்றம் போய் வருவதெல்லாம் நடக்கிற காரியமா? கரண்ட் இல்லாத அந்த இரவுகளில் சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்துக் குஞ்சுகளைக் காத்தோம். கீழே காய்ந்த கூளத்தை மூன்று அங்குலமாக உயர்த்திப் போட்டது அந்தச் சூட்டைத் தக்கவைத்தது. அடித்தளத்தில் புரூடர் வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்பே அதை முதல் மாடிக்கு ஏற்றிவிடுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சு இறக்காமல் தை பிறந்ததும் தொடங்குங்கள், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் இதைத்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

குஞ்சுகள் வளர்ந்து வெளியே போனதும் கூளம் முழுவதையும் எடுத்து, பெட்டியைக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் கவிழ்த்து வைத்தபிறகே அடுத்த கூட்டத்தை விடுவேன். எடுத்த கூளத்தைச் செடிக்கு அப்படியே போட்டால் வேர் கருகும். காய்ந்த இலையும் மண்ணும் சேர்த்து மூன்று நான்கு மாதம் மக்கவிடுங்கள். உமி மெதுவாகத்தான் மக்கும், கொஞ்சம் முழுசாகவே மிஞ்சும். அதனால் கெடுதல் இல்லை, தொட்டி மண்ணைப் பொலபொலப்பாக வைக்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு என்று கலந்து போடுகிறேன், கீரைக்கு அதிலும் பாதி போதும்.